வந்த நேரத்தை நான் எழுதவில்லை

எங்கள் தெருமுனையில் பாலும் பாணும் விற்கும் மில்க் பார் கடைக்காரர் வயதானவர். பால் போத்தலைத் தந்துவிட்டு, நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும் நேரம் பார்த்து "ஊரூ" என்பார். சிட்னிக்கு வந்த புதிதில் அவர் என் ஊரைக் கேட்கிறார் என்றே நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்து, "கோப்பாய், யாழ்ப்பாணம், சிலோன்" என்று சொன்னேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். அடுத்த நாளும் கேட்டார். வயது போன மனிதர், மறந்துவிட்டார் என்று எண்ணி மறுபடியும் சொன்னேன். நான் தொழிலால் படவரைஞர். ஆகவே மூன்றாம் நாள் பாண் சுற்றிய கடதாசியிலே குடாநாட்டின் படத்தைக் கீறி, கோப்பாய்க்கு ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தேன். அதை அவர் சிகரெட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். "ஹூரூ" என்பது இங்குள்ள பழைய ஆட்கள் விடைபெறும்போது சொல்லும் சொல் என்று பின்னர் அலுவலகத்தில் ஒருவர் விளங்கப்படுத்தினார். ஐந்து வருடமாகிறது. என் காதுக்கு அது இன்றைக்கும் ஊராகத்தான் கேட்கிறது.

நான் 1951ஆம் ஆண்டிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். கோப்பாய்ப் பகுதிக் குளங்களையும் கேணிகளையும் பற்றி இளமையில் ஒரு சிறு வரலாறு எழுத முயன்றேன். ஒரே கேணி வெட்டிய ஆண்டென்று மூன்று பெரியவர்கள் மூன்று வேறு வருடம் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: என் கண்ணால் கண்டதை மட்டும், கண்ட அன்றே, நேரத்தோடு எழுதுவது. கேட்டதை எழுதுவதில்லை. இந்தக் கட்டுரைக்கும் அந்த நாட்குறிப்புக் கொப்பிகளை மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். 1975ஆம் வருடக் கொப்பியைத் தொட மனம் வரவில்லை. ஆனால் எழுத வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது.

அதற்கு முன் எங்கள் கதையைச் சொல்லிவிட வேண்டும். 1974 தை 12 (எங்கள் வழக்கில் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி), சனிக்கிழமை காலை 8.40க்கு நானும் மனைவி பரமேஸ்வரியும் கோப்பாயிலிருந்து புறப்பட்டோம். எங்கள் ஒரே மகள் வாசுகிக்கு அப்போது மூன்றரை வயது. அவளைப் பரமேஸின் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். இங்கே இருக்க இடமில்லை, இரண்டு பேரும் வேலை தேட வேண்டும், ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஊரில் ஒருவரும் அதைப் பிழையாகக் கதைக்கவில்லை. அக்கா வீட்டில் பிள்ளை நிற்பது ஒரு செய்தியே அல்ல. வாசுகி புட்டும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தாள். "போட்டு வாறம்" என்றோம், போய்விட்டு வருகிறோம் என்று. புட்டு ஒட்டிய கையை ஆட்டினாள். ஆறு மாதம் ஒரு வருடமானது, பிறகு அதற்கும் மேல் போனது.

1974 ஒக்டோபர் 5ஆம் திகதி சிட்னியின் மேற்கே ஹரிஸ் பார்க்கில் ஒரு பாதி வீட்டுக்கு வந்தோம். ஒரே கூரை, நடுவிலே ஒரு சுவர், இரண்டு குடும்பம். ரயிலுக்குப் பரமட்டா நிலையம்வரை நடக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஐரீன் இருந்தாள். முப்பது வயது இருக்கும், மெலிந்த வெள்ளைக்காரி. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. புருஷன் என்று ஒருவனும் வந்து நாங்கள் கண்டதில்லை. முதல் கிழமையே பரமேஸை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். அடுப்புக்கு மேலிருந்த தட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளின் படம். எங்கே இவர்கள் என்று பரமேஸ் கேட்க, "கன்ட்ரியில் இருக்கிறார்கள்" என்றாளாம். பட்டணத்துக்கு வெளியே, நாட்டுப்புறத்தில் என்று அர்த்தம். பரமேஸுக்குத் தெரிந்த கன்ட்ரி ஒன்றுதான், பிறந்த நாடு. "எங்கடை மகளும் கன்ட்ரியிலதான்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். ஐரீன் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

"பாவம், நல்ல பிள்ளையப்பா. எங்கடை வாசுகியை நினைச்சு அவ ஏன் அழவேணும்?" என்று பரமேஸ் அன்று பின்னேரம் என்னிடம் கேட்டாள். அதன் பிறகு ஐரீன் ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "கடிதம் எழுத விடுகிறார்களா?" ஓம், மாதம் இரண்டு வருகிறது என்று பரமேஸ் சொல்வாள். ஐரீன் ஆச்சரியத்தோடு அவளைப் பார்ப்பாள். சிலோன் தபாலைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தாழ்ந்த எண்ணமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

1975 தையில் லீயான் பிறந்தாள். மே மாதத்திலிருந்து ஐரீனுக்கு ஒரு லோண்ட்ரியில் கிழமைக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தது. அதிகாலையில் குழந்தையைத் தூக்கி வந்து, இன்னும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த பரமேஸிடம் கொடுப்பாள். பரமேஸ் அதற்காகவே விடியக்காலை தலைமுழுகி, பொட்டு வைத்து, தயாராக நிற்பாள். வெறும் "பை" சொல்லிப் போவது பரமேஸுக்குப் பிடிக்கவில்லை. "போட்டு வாறன் எண்டு சொல்லும். போறன் எண்டு மட்டும் சொல்லிப் போகக்கூடாது" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து பாடம் எடுத்தாள். ஐரீனுக்கு வாயில் வந்தது "பொட்டு வாரன்." பொட்டு என்ற சொல் அவளுக்கு முன்பே தெரியும், பரமேஸின் நெற்றியைப் பார்த்துக் கேட்டிருந்தாள். இரண்டும் ஒன்றென்று நினைத்து, சொல்லும்போதெல்லாம் தன் வெறும் நெற்றியின் நடுவே விரலால் ஒருமுறை தொடுவாள். நாங்கள் திருத்தவில்லை. குழந்தைக்கும் அப்படித் தொட்டுவிட்டுத்தான் போவாள்.

இதெல்லாம் நடந்தது காலை ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில். அந்நேரம் நான் வீட்டில் சவரம் செய்துகொண்டிருப்பேன். கண்ணால் கண்டேன், எழுதினேன். முதல் குறிப்பு மே 5, திங்கட்கிழமை: "காலை 6.20. ஐரீன் பிள்ளையை எங்களிடம் விட்டிட்டுப் போனா." அவள் பின்னேரம் இரண்டு மணிக்கு, இரண்டரைக்கு வந்து பிள்ளையைக் கொண்டுபோனபோது நான் அலுவலகத்தில் கோடு கீறிக்கொண்டிருந்தேன். காணாததை எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. அவள் திரும்பி வந்ததை நான் கண்டது ஒரே ஒரு நாள். யூன் 19, வியாழக்கிழமை. நான் வேலையால் வந்து, குளிருக்குப் போர்த்துக்கொண்டு இருந்தேன். குழந்தை பரமேஸின் மடியில். ஏழேகாலுக்கு ஐரீன் வந்தாள். வாயில் பியர் மணம். பரமேஸ் ஏசினாள், பிறகு சாப்பாடு போட்டாள். அதையும் எழுதினேன்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் குழந்தைக்கு நெஞ்சுச் சளி. ஐரீன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே அவளுடைய பெயரைப் பதிந்தவுடன் பழைய விஷயங்களும் கூடவே வந்திருக்கின்றன. ஓகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை, நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தபோது ஒரு இளம் பெண் கதவைத் தட்டினாள். இங்குள்ளவர்கள் "வெல்ஃபெயர்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் சிறுவர் நல அலுவலகத்திலிருந்து வந்தவள். மரியாதையான பெண். பக்கத்து வீட்டுக் குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்வதுண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். எத்தனை முறை, ஏறக்குறைய?

ஏறக்குறைய என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். அரசாங்கத்து ஆள் ஒருவர் என் வீட்டுக் கதிரையில் இருந்து என் நாட்குறிப்பைக் கேட்பது இருபத்து நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பரமேஸ் தேத்தண்ணி ஊற்றினாள். நான் திகதி, நேரம், வசனம் என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வாசித்தேன். "விட்டிட்டுப் போனா" என்பதற்குச் சொல்லுக்குச் சொல் "லெஃப்ட் அன்ட் வென்ட்" என்றேன். இருபத்து மூன்று தடவை சொன்னேன். எங்கள் தமிழில் விட்டிட்டுப் போவதென்றால் நம்பி ஒப்படைப்பது. கோயிலில் செருப்பை விட்டுப் போகிறோம், வீட்டைப் பூட்டித் திறப்பை அயலில் விட்டுப் போகிறோம். ஆங்கிலத்தில் அது கைவிட்டுப் போனதாக விழுந்தது என்பதை அந்தப் பெண்ணின் பேனா எழுதிய வேகத்திலிருந்தாவது நான் கவனித்திருக்க வேண்டும். புறப்படும்போது அவள் சுவரிலிருந்த வாசுகியின் படத்தைப் பார்த்தாள். மகளா, எங்கே என்றாள். மனைவியின் அக்காவிடம் சிலோனில், ஒன்றரை வருடமாக என்றேன். "உங்கள் குடும்பங்கள் எவ்வளவு ஒற்றுமை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட் 27, புதன்கிழமை, சிறுவர் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி எனக்குக் கடதாசி வந்தது. கொப்பியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூட அதிபரின் அறை அளவுதான் இருக்கும் அந்த இடம். நீதவான் மெல்லிய குரலில் பேசும் முதியவர். ஐரீனுக்கு வழக்கறிஞர் ஒருவரும் இல்லை. யாரிடமோ இரவல் வாங்கிய கோட் அணிந்து கைகளை மடியில் வைத்திருந்தாள். அங்கேதான் நான் முழுவதையும் அறிந்தேன். லீயான் அவளுடைய நான்காவது பிள்ளை. பதினேழு வயதில் பெற்ற முதல் குழந்தையை ஆஸ்பத்திரியில் ஒரு கடதாசியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்கள். படத்திலிருந்த இருவரும் அரசாங்கத்தின் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஐரீன் நோயாகி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் அவர்களைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். அந்தப் பக்கத்து வீட்டார்தான் அறிவித்தது. ஐரீனே அப்படி அரசாங்கம் நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவள். அதையும் அவளுக்கு எதிராகத்தான் வாசித்தார்கள்.

என் முறை வந்தது. வாசித்தேன். வாசித்து முடிந்ததும், சாட்சியிடம் ஏதாவது கேட்க விருப்பமா என்று நீதவான் ஐரீனைப் பார்த்தார். அவள் எழும்பி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"நான் திரும்பி வந்தேனா என்று அவரிடம் கேளுங்கள்" என்றாள்.

"வந்தாள், ஐயா. ஒவ்வொரு முறையும் வந்தாள்" என்றேன்.

"எத்தனை மணிக்கு? உங்கள் குறிப்பில் இருக்கிறதா?" என்றார் நீதவான்.

இல்லை என்றேன். அந்நேரம் நான் வேலையில் இருப்பேன், கண்ணால் காணாததை எழுதுவதில்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் தலையசைத்தார். அது நல்ல பழக்கம் என்றுகூடச் சொன்னார். பிறகு, திரும்பி வந்ததாக எழுதிய குறிப்பு ஒன்றாவது உண்டா என்று கேட்டார். ஒன்று உண்டு என்றேன். அதை வாசிக்கச் சொன்னார். யூன் 19, வியாழக்கிழமை, மாலை 7.15 என்று தொடங்கி, பியர் மணம்வரை வாசித்தேன். சத்தியம் செய்திருந்தேன், வாசிக்காமல் விடுவதற்கு எனக்கு வழி தெரியவில்லை. ஐரீன் மெல்ல இருந்துகொண்டாள். பகல் பதினொன்றரைக்கு லீயான் அரசாங்கத்தின் பராமரிப்புக்குப் போனாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பரமேஸ் குசினியில் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னட்டை ஏன் கேக்கேல்லை? நான்தானே வீட்டில நிண்டனான்."

"நீர் எழுதி வைக்கேல்லையே."

"எழுதினால்தான் நடந்ததோ?" என்றாள்.

ஐரீன் எங்கள் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், விரும்பினேன் என்றும் சொல்லலாம். அடுத்த ஞாயிறு அவள் பின்கதவால் வந்து வழக்கமான கதிரையில் இருந்தாள். பரமேஸைப் பார்த்து, "உனக்கு அவர்கள் எப்படிக் கடிதம் எழுத விடுகிறார்கள்? எனக்கும் அப்படிக் கேட்கலாமா?" என்றாள். எவர்கள் என்று பரமேஸ் கேட்டாள். "உன் மகளை எடுத்தவர்கள்." பத்து மாதமாக அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் பிள்ளையையும் எடுத்துவிட்டார்கள், ஆகவே நாங்கள் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று நம்பித்தான் எங்கள் கதவைத் தட்டியிருக்கிறாள். ஒருவரும் எடுக்கவில்லை, நாங்கள்தான் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. மறுபடியும் அதே "லெஃப்ட்." அவளுக்கு அது உடனே பிடிபடவில்லை.

"நீங்களாகவேவா?"

ஓம் என்றேன்.

"எவ்வளவு நாள்?"

பரமேஸ் விரலை விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். ஐரீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதில் வெறுப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. தான் ஐந்து மணி நேரம் பிந்தியதற்கும் நாங்கள் ஒன்றரை வருடம் பிந்தியதற்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று ஒரு விடையைத் தேடியது போலத்தான் இருந்தது.

அந்தக் கிழமை பரமேஸ் என்னை மேசையில் இருத்தினாள். இருபத்து மூன்று நாளையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, வந்த நேரத்தைத் தானே சொன்னாள். அவளிடம் மணிக்கூட்டுக் கணக்கு இல்லை. "அண்டைக்கு நான் உடுப்புக் காயப்போட முன்னம் வந்தவ. இதுக்கு மழை தூறினது, ஓடி வந்தவ, தலை நனைஞ்சு. இது பருப்பு அவிஞ்ச நேரம், அவவுக்கும் குடுத்தனான்." காய்ந்த உடுப்பையும் அவிந்த பருப்பையும் மணியாக்கி நான் எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டதை எழுதினேன். யூன் 19ஐ விட்டுவிடலாமா என்று கேட்டேன். "விடவேண்டாம். அண்டைக்கும் வந்தவதானே" என்றாள். அதைத் தட்டச்சுச் செய்து நீதிமன்றத்துக்கு அனுப்பினோம். கட்டளை பிறப்பிக்கப்பட்டுவிட்டது, நிலைமை திருந்தினால் தாயார் பின்னர் விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் நான் நூலகத்தில் பரமட்டாவின் பழைய வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். பிரித்தானியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய கைதிப் பெண்களை அடைத்து வைத்த கட்டடத்தின் கற்கள் ஆற்றுப் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் தாயிடமிருந்து பிரித்து அநாதைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். தாய் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருக்க, பிள்ளைக்குப் பெயர் அநாதை. முன்பென்றால் இதில் திகதிகளை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருப்பேன். அந்தப் புத்தகத்திலும் பிள்ளைகள் அனுப்பப்பட்ட விவரம்தான் இருந்தது. எத்தனை பேர் தாயிடம் திரும்பினார்கள் என்று நான் தேடியவரை காணவில்லை. என்னைப் போல ஒரு எழுதுவினைஞர் அங்கும் இருந்திருப்பார்.

வருடம் திரும்பியபோது ஐரீன் மறுபடியும் பிள்ளை வயிற்றோடு இருந்தாள். ஐந்தாவது. எங்களுக்கு வந்த முதல் எண்ணம், ஏன் இவள் மறுபடியும் என்பதுதான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பரமேஸ் ஒன்றும் கேட்கவில்லை. லீயானைப் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐரீன் காலையில் சொல்லிவிட்டுப் போவாள். பின்னேரம் வந்து, "எழுது" என்பாள் என்னிடம். நான் கொப்பியை எடுத்து, அவள் கண்முன்னாலேயே, வந்த நேரத்தை எழுதிக் காட்டுவேன். தமிழ் எழுத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. எண்ணைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

1976 மாசி 14, சனிக்கிழமை. மெல்பர்னில் நோபல் பார்க்கில் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அங்கே தன் பெயர் யாருக்கும் தெரியாது, பிள்ளை பிறக்குமுன் போய்விட வேண்டும் என்றாள் ஐரீன். லீயானை யார் பார்ப்பது என்று பரமேஸ் கேட்டாள். ஒரு பிள்ளையை வைத்திருப்பதற்காக இன்னொரு பிள்ளையை விட்டுப் போகிறாள் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. நான் தட்டச்சுச் செய்த அந்தத் தாளின் பிரதியைக் கேட்டாள். கொடுத்தேன். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். படியில் இறங்கித் திரும்பி, நெற்றியின் நடுவே விரலால் தொட்டாள். பொட்டு என்றும் சொல்லவில்லை, வாரன் என்றும் சொல்லவில்லை. காலை 9.05.

லீயானைப் பார்க்கப் பரமேஸ் இரண்டு தடவை கேட்டு எழுதினாள். உறவினரல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள்.

வாசுகி 1976 டிசம்பர் 18ஆம் திகதி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் பரமேஸ் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். ஆறரை வயதுப் பிள்ளை மரியாதையாக நின்று, "சுகமா இருக்கிறியளோ, சின்னம்மா?" என்றது. அக்காவை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவளுக்கு, அம்மாவின் தங்கை வேறு என்னவாக இருக்க முடியும்? அந்தச் சொல் மாற ஏழு மாதம் எடுத்தது. மாறிய திகதி என்னிடம் இருக்கிறது. ஒரு நீதிமன்றமும் எங்களைக் கூப்பிடவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லெபனான் குடும்பம் இருக்கிறது. காலையில் பாடசாலைக்குப் போகும்போது வாசுகி கேற்றடியில் நின்று "ஹூரூ" என்று கத்துகிறாள்; கடைக் கிழவரிடம் பழகியது. போட்டு வாறன் எண்டு சொல்லு பிள்ளை என்று பரமேஸ் குசினிக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள். "அது அங்கைதான் அம்மா சொல்லுறது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். அங்கே என்றால் எது, அந்த அம்மா எந்த அம்மா என்று நாங்கள் கேட்பதில்லை.

என் கொப்பியில் இப்போது பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடப்பக்கம் போன நேரம், வலப்பக்கம் வந்த நேரம். வாசுகி பின்னேரம் மூன்றே முக்காலுக்குக் கேற்றைத் திறக்கும் நேரத்தைப் பரமேஸ் சொல்ல, நான் நிரப்புகிறேன். பழைய கொப்பிகளிலும் கோடு கீறி வைத்திருக்கிறேன். 1976 மாசி 14, காலை 9.05க்கு எதிரே வெறுமை. இரண்டு வருடம் முந்திய கொப்பிக்குப் போனால், தை 12, காலை 8.40, "போட்டு வாறம்" என்று சொன்னதும் எழுதியிருக்கிறது. அதற்கு எதிரேயும் வெறுமை. கடைக்குப் போனால் சிகரெட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அந்தக் கடதாசி மஞ்சள் பிடித்துத் தொங்குகிறது. பால் போத்தலோடு நான் கதவைத் தள்ளும்போது கிழவர் இன்றைக்கும் கேட்கிறார்: "ஊரூ?"